சிவப்பு வரி

மருந்து போட்டதா, போடாததா என்கிறார் எர்வின்.
கருங்கல் சந்தையில் இரண்டு மூடை,
உள்ளே ஒரே மஞ்சள் தூள்.
ஒன்றில் மட்டும் சிவப்பு வரி.

போன இடவப்பாதியில்
ரப்பர் மூட்டில் குழி தோண்டினேன்,
பதினொன்றுக்கு.
ஈர மரத்தூளில் ரத்தம் கழிந்து
கண்மூடி நின்றவை.

"ஊசி போட்ட குஞ்சாவே?
போட்டிருந்தா இந்த மருந்து அதைத் தின்னுரும்."
குலசேகரத்துக்காரன் சொல்லவில்லை.
நான் விலை மட்டும்தான் கேட்டிருந்தேன்.

விஜிலா சொல்லிவிட்டது வேறு:
மருந்து வேண்டாம்,
அந்த முட்டையைத்தான் பிள்ளை தின்னணும்.

மழை தொடங்கியது.
சிவப்பு வரியைத் தூக்கி
பைக்கில் வைத்துக் கட்டினேன்.

வெட்டுவெந்நி வளைவு வரை
அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை தேடினேன்.
கைப்பிடியில் தொங்கிய பெட்டிக்குள்
முப்பதும் கத்தின,
பசி என்று மட்டும்.