இதர விவகாரங்கள்

எட்டேகாலுக்குத்தான் தொடங்கியது.
பகாவ் ரோட்டில் மழை நின்ற பிறகே
லோரிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.
கேண்டீன் பெஞ்சுகள் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரம்.
முப்பத்தொரு பெரியவர்கள்
முழங்காலைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு
பள்ளிப் பாதுகாப்பு பேசினோம்.

நான் சங்கச் செயலாளர்.
பகலில் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.
குலையோடு உள்ளே வரும் லோரியின் கனம்,
காலியாய் வெளியே போகும் லோரியின் கனம்,
கழித்தால் வருவது கணக்கு.
கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று
குறிப்பெழுதக் கொடுத்தார்கள்.

முதல் விவகாரம் வேலி. அடுத்தது கேமரா.
மூன்றாவதைத் தயாளன் கிளப்பினார்,
கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி.
"அமெரிக்காவுல பாருங்க, மறுபடியும்.
நம்ம ஜாகா கையில என்னா இருக்கு? டார்ச் லைட்டு!"
ஜாகாவுக்குத் துப்பாக்கி வேண்டுமாம்.
யாரோ சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.
"எந்தப் பக்கம் பாத்துச் சுடுவாரு?"
என்று கேட்டார் சாரதாமணி டீச்சர்.
இதை எழுதவா என்றேன். பதில் இல்லை.
எழுதினேன்.

போன வருசம் எதிர்த்த இடைநிலைப் பள்ளியில்
ஒரு பையனின் புத்தகப் பையில் பாராங் இருந்தது.
அதை யாரும் எடுக்கவில்லை.
அவன் அப்பா மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ஒஹாயோவில் என் தங்கை வீட்டில்
இதே கூட்டம் தினமும் நடக்கிறது,
இரண்டே பேரோடு, ராத்திரிச் சாப்பாட்டின்போது.
அவள் புருசன் ஒன்று வாங்கிவிட்டான்.
அலமாரிக்குள் பெட்டி, பெட்டிக்கு எண்பூட்டு.
"எல்லார்கிட்டயும் இருக்கு, நம்மகிட்ட இல்லன்னா?"
"எல்லார்கிட்டயும் இருக்கறதாலதானே?"
இரண்டு கேள்விக்கும் நடுவில்
ஆறு வயசுப் பையன் தயிர்சாதம் பிசைகிறான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தான்.
"பெரியம்மா, ஸ்கூல்ல பழகினதைக் காட்டவா?"
மேசைக்கடியில் போனான். முட்டியைக் கட்டிக்கொண்டான்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அசைவில்லை.
லைன் மாட்டிக்கொண்டதென்று போனைத் தட்டினேன்,
சிக்னலுக்காக வாசல்வரை எடுத்துப் போனேன்,
நிலவா, நிலவா, கேக்குதா என்று
பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்வரை கத்தினேன்.
அவன் தலைக்கு மேலே சுவர்க்கடிகாரத்தில்
நொடிமுள் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து சொன்னான், அவ்வளவு பெருமையாக,
"நீங்க கூப்பிட்டும் நான் பேசலியே."

இங்கே வெடிச்சத்தம் கேட்டால்
பிள்ளைகள் சத்தத்தை நோக்கி ஓடும்.
தீபாவளிக்கு எவனோ மூங்கிலில் கார்பைடு போட்டிருப்பான்,
இல்லையென்றால் ஆற்றோரக் காட்டில் பன்னி வேட்டை.
என் மகள் ஒருதரம்
ஒற்றைச் செருப்பைக் கால்வாயில் விட்டுவிட்டு ஓடினாள்.
அடித்தேன். செருப்புக்காக அடித்தேன்.
ஓடிய திசைக்காக அடிக்க வேண்டுமென்று
அன்றைக்குத் தெரியாது.

கடைசியில்தான் ஜாகா பாக்கியநாதனைக் கேட்டார்கள்.
எழுந்து தொப்பியைக் கழற்றினார்.
"தோட்டத்துத் துப்பாக்கி நாலு வருசம் என்கிட்ட இருந்துச்சுங்க.
நாலு வருசமும் சரியா தூங்கல.
கொட்டாயில ஃபேன் ஓடல. அதை மட்டும் பாருங்க."

சட்டம் இடம் கொடுக்காது என்று தலைவர் முடித்துவைத்தார்.
நிலத்துக்கு, கட்டடத்துக்கு, மானியத்துக்கு
சட்டம் இடம் கொடுக்காது என்று
எத்தனை கூட்டத்தில் எழுதியிருக்கிறேன்.
முதல் தடவையாக அந்த வரியை
நிம்மதியாக எழுதினேன்.

வேலி: ஓரடி உயர்த்துவது.
கேமரா: மூன்று கடையில் விலை கேட்பது.
ஃபேன்: எண்பத்தொன்பது வெள்ளி. முன்மொழிந்தவர் தயாளன்.

மணி பத்தே பத்து.
ஒஹாயோவிலும் பத்தே பத்து, காலை.
இந்த மாதங்களில் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம்,
வெளிச்சம் மட்டும்தான் வேறு.
அவன் இப்போது வகுப்பில் இருப்பான்.
காலையில் உள்ளே போன தலைகள்,
சாயங்காலம் வெளியே வரும் தலைகள்,
கழித்தால் ஒன்றும் மிஞ்சக் கூடாது.

இதர விவகாரங்கள் என்று எழுதி
வழக்கம்போல் 'இல்லை' போட வேண்டும்.
பெஞ்சுகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.
ஒன்று கைதவறி சிமெண்டுத் தரையில் விழுந்தது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை,
என்னைத் தவிர.