நாலாம் பாகம்

‘ஏழு துறைமுகம்’ நாலாம் பாகம் எப்படி
என்று கேட்டிருக்கிறாய், மெஹ்ருன்னிசா.
பழசு மாதிரி பேயாய்ப் பிடித்து ஆட்டுகிறதா,
இல்லை வெறும் பளபளப்பா.

இறங்கி முடிக்கவே ஒன்றரை நாள் ஆயிற்று.
மடிப்பாக்கத்தில் நாலு தூறல் விழுந்தால்
இணையம் லீவு போட்டுவிடும்.

கடல் அழகு. பொய் சொல்லக்கூடாது.
மீன்கள் தனித்தனியாய் நீந்துகின்றன.
யானையின் காது மடலில் மயிர்கூட வரைந்திருக்கிறார்கள்.
களஞ்சியத்தில் நெல் குறைந்தால்
மந்திரி ஒருவன் வந்து பணிவாய் நினைவூட்டுகிறான்.
மறந்து தொலைத்து
ஊரையே பட்டினி போடும் உரிமை
இப்போது எனக்கு இல்லை.

நகர்வுக்கு நகர்வு தானே சேவ் செய்துகொள்கிறது.
இரண்டு மணிநேரம் ஆனதும்
திரையின் ஓரத்தில் ஓர் அகல் விளக்கு ஏறி
‘சற்று ஓய்வெடுக்கலாமே’ என்கிறது.

வார்டன் ஸ்டெல்லா என்றைக்கு இப்படிக் கேட்டாள்?
பத்தடித்தால் மெயினையே அணைப்பாள்.
சேவ் செய்யாத எத்தனை ராஜ்ஜியங்கள்
அந்தத் திருவல்லிக்கேணி விடுதியின்
ஃப்யூஸ் பெட்டிக்குள் செத்தன!
ரிச்சி தெருவில் மூவரும் பங்கு போட்டு வாங்கிய
ஏழாயிரத்து நூறு ரூபாய் கம்ப்யூட்டர்.
வெளிச்சம் கசியாமல் மானிட்டர் மேல் உன் போர்வை.
உள்ளே நீயும் நானும், வேர்த்து வழிந்து,
மௌஸை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டு.
கட்டிலில் தமயந்தி குப்புறப் படுத்தபடி
‘என் முறை எப்போடீ’ என்பாள்.
அவள் துறைமுகத்தை நீ எரித்த இரவு
யாரும் தூங்கவில்லை.
நாலு நாள் உன்னோடு அவள் பேசவில்லை.
ஐந்தாம் நாள் உன் ஷாம்பூ பாட்டில் காலி.

இரண்டாம் பாகம் வந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது.
தினம் இரண்டு மணிநேர மின்வெட்டுக் காலம்.
யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்தும் ஏழு நிமிடத்துக்குள்
ஒரு முற்றுகையை முடித்து
சாம்பாரையும் இறக்கி வைத்திருக்கிறேன்.

மூன்றாவதைப் பற்றிக் கேட்காதே.
நீ ஷார்ஜா போன வருஷம் அது.
பதினோரு நகர்வு ஆடினேன், அழித்துவிட்டேன்.
எதிரி வெறும் கம்ப்யூட்டர்.
அது எரித்த துறைமுகத்துக்காக
யாரோடு பேசாமல் இருப்பது?

நேற்று ராத்திரி பத்து நாற்பதுக்கே
கொட்டாவி விட்டு மூடிவைத்துவிட்டேன்.
வேம்பு எட்டிப் பார்த்து
‘அவ்வளவுதானாம்மா?’ என்றான்.
பதின்மூன்று வயதில் என்ன ஒரு இளக்காரம்!
வயசா, விளையாட்டா, எதில் உப்புக் குறைவு
என்று யோசித்தபடி தூங்கியும் போனேன்.
உனக்கு எழுத வேண்டிய பதில் தயார்:
பிடிக்கவில்லை. காசு தண்டம்.

காலையில் ஆலந்தூரில் மெட்ரோ ஏறினேன்.
சின்னமலை தாண்டி, வண்டி மண்ணுக்குள் இறங்கி
அடையாற்றுக்கு அடியில் போகும்போது
திடுக்கென்றது:
வடக்குப் பாலத்தில்
ஒரே ஒரு வில்லாளை நிறுத்திவிட்டு வந்திருக்கிறேன்.

சைதாப்பேட்டை, நந்தனம், தேனாம்பேட்டை.
இறங்க வேண்டிய இடத்தில் சரியாகத்தான் இறங்கினேன்.
படியேறும்போது எண்ணிக்கொண்டு போனேன்:
யானை பதினொன்று, தோணி இரண்டு,
பாலத்துக்கு அனுப்ப நெல் போதுமா.
அலுவலகத்தில் ஒரு இன்சூரன்ஸ் படிவத்தில்
‘இழப்பின் விவரம்’ என்ற கட்டத்தின் முன்
கொஞ்ச நேரம் கையெடுக்காமல் இருந்தேன்.

அதனால் பதில் இப்போதைக்குத் தெரியாது.
இதில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்,
ஆளுக்கு ஒரு நாள், ஒரு நகர்வு.
உனக்கு எட்டரை என்றால் எனக்குப் பத்து.
நீயும் வாங்கு, தள்ளுபடிக்குக் காத்திருக்காதே.
உன் கரைக்கு எதிரே
நான் ஏற்கெனவே தோணி இறக்கியாயிற்று.

தமயந்தி நம்பர் உன்னிடம் இருக்கிறதா?
மூன்று பேர் ஆடலாம்.
ஷாம்பூ பேச்சை மட்டும் எடுக்காதே.