இரண்டாம் பேரேடு

பழைய சோனகத் தெருவில்
ஆணி, பிணைச்சல், முள்ளுக்கம்பி விற்கும் கடைக்கு
இருபத்திரண்டு வருடமாய்க் கணக்கெழுதுகிறேன்.
ஒன்று முதலாளி பார்க்க,
ஒன்று வரிக்காரர் பார்க்க.
ஆகவே, கிளினிக்கில்
என் கைபேசிக்குள் ஒரு பேரேட்டை இறக்கித் தந்தபோது
புதிதாய்ப் படிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பழைய கிளினிக் கொப்பி
களனி கங்கை மட்டக்குளிக்குள் ஏறிய கிழமை
கட்டிலுக்குக் கீழே ஊறிக் கூழானது.
ஆறு வருடத்து மருந்து, எடை, அழுத்தம்,
எல்லாம் ஒரே நீல மைக் குளம்.
"இனி வெள்ளம் வந்தாலும் பயமில்லை" என்றாள்
தாதி இமேஷா, தன் பாதித் தமிழில்.

செயலியின் தமிழ் எந்த ஊர்த் தமிழோ.
'இன்றைய சர்க்கரை?' என்று கேட்கும்.
சர்க்கரை எங்களுக்குப் பொங்கலுக்குள் போவது,
இரத்தத்துக்குள் போனது சீனி.
எண்ணை அமத்தியதும்
பச்சையாய் ஒரு வரி எழும்பும்:
உங்கள் மதிப்பு காப்பாற்றப்பட்டது.

முதல் நாள் 243.
118 என்று எழுதினேன்.
மதிப்பு காப்பாற்றப்பட்டது.
பிறகு 121, 119, 120,
சந்தேகம் வராதிருக்க ஒரு ஞாயிறு 127.
பொய்க்கும் சில்லறை வேண்டும்.

யாரை ஏமாற்ற என்று கேட்காதீர்கள்.
கடையில் சுமை இறக்கிய மரியநேசனுக்கு
மாரியில் சுண்டுவிரலை எடுத்தார்கள்,
சித்திரையில் மீதிப் பாதத்தை.
அவன் செருப்பு இன்னும்
சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால்
சோடியாய்க் கிடக்கிறது.

மூன்றாம் மாதம் இரத்தம் எடுத்தார்கள்.
அது வேறொரு கணக்காய்வாளர்,
தேத்தண்ணிக் காசுக்கு மசியாதவர்:
மூன்று மாதச் சராசரி ஒன்பது தசம் ஆறு.
இமேஷா என் கைபேசியைக் கிடையாய்ப் பிடித்துப் பார்த்தாள்.
தொண்ணூறு புள்ளி, ஒரே நேர்.
"ஐயா, இது கோடு இல்லை,
மரைன் டிரைவ்."
சிரித்தாள். நானும் சிரித்தேன்,
காது சுட்டது.
ஏசவில்லை. பழைய எண் ஒன்றையும் அழிக்கவில்லை.
நாளைய கட்டத்தைத் திறந்து
கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு
அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டாள்.

விடியற்காலை.
முகத்துவாரப் பக்கமிருந்து கருவாட்டுக் காற்று.
விரல் நுனியில் குத்தினேன்.
231.
கீழே இன்னொரு கட்டம்: நேற்று என்ன உண்டீர்கள்?
மூன்று மாதமாய்க் குரக்கன் பிட்டே அவிந்துகொண்டிருந்த இடத்தில்
எழுதினேன்:
மாலுப்பான் இரண்டு, கடை வாசலில் நின்றபடி.
தேத்தண்ணி, சீனி மூன்று கரண்டி.
குளிசை மறக்கவில்லை, முடிந்துவிட்டது.
ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியில் வாங்கச் சொன்னார்கள்.
சம்பளம் இருபத்தைந்தாம் திகதி.

எழுதியபின்தான் தெரிந்தது,
இதை வீட்டிலும் நான் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

அமத்தினேன்.
கோடு கடைசி அங்குலத்தில் செங்குத்தாய் எழும்பியது,
அலவாங்கு ஒன்றைச் சுவரில் சாத்தியதுபோல்.
பச்சையாய் அதே வரி:
உங்கள் மதிப்பு காப்பாற்றப்பட்டது.

பஸ்ஸுக்கு நேரம்.
செருப்பை மாட்டினேன்,
இடது,
பிறகு வலது.