நான்காவது தாள்

மேதகு ஆயர் ஆண்டகைக்கு,
என்று எழுதிக் கீழே கோடு போட்டுப்
பேனாவை மூடிவிட்டேன்.

சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டுமாம்.
யாரும் வற்புறுத்தவில்லை,
முழு மனதோடு திருத்தொண்டர் பட்டம் கேட்கிறேன், என்று.
அதிபர் தந்தை கொடுத்த மாதிரித் தாளில்
‘அழைத்தலை உணர்ந்த நாள்’ என்றொரு வரி.
நாள் தெரியவில்லை, ஆண்டகையே.

முதல் தாளில் பொய் எழுதினேன்,
சிறு வயது முதலே பீடத்தின் மேல் ஆசை என்று.
இளங்குருமடத்தில் ஞாயிறுதோறும் கோழி போடுவார்கள்
என்று ஜெரோம் அண்ணன் சொன்னான். போனேன்.
வீட்டில் அப்போது இரண்டு வேளையும்
உடைந்த ஜவ்வரிசிக் கஞ்சி.

அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்தில் இருந்தார்.
மாலையில் உச்சி முதல் பாதம் வரை வெளுத்து வருவார்.
அதை அங்கி என்று நான் நினைத்தேனாம்,
அம்மா இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.
எனக்கு அது ஞாபகமில்லை.
அவர் துப்பிய சளியும் வெள்ளையாக இருந்ததே,
அது ஞாபகமிருக்கிறது.

இரண்டாம் தாள் முழுக்கப் புனிதர்கள் பேசினார்கள்.
மூன்றாவதில் அக்காவின் கடன் வந்து உட்கார்ந்துகொண்டது.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்கு முத்து பற்றவைக்கிறாள்.
‘நீயும் போயிட்டா யாருடா எங்களுக்கு’ என்றவள்
மறுநாளே வெள்ளைச் சட்டைத்துணி
இரண்டு எடுத்துவந்தாள்.

இது நான்காவது.
அந்த இரவை மட்டும் எழுதுகிறேன்.

தவக்காலம் மூன்றாம் வாரம். ஏற்காட்டில் பூமழை.
பதினான்காவது கொண்டை ஊசியில் மரம் சாய்ந்து
பங்குத்தந்தை சேலத்தில் மாட்டிக்கொண்டார்.
பதினொன்றுக்கு எஸ்டேட் லைனிலிருந்து ஒருவன் வந்தான்,
தலையில் உரச்சாக்கு, கையில் டார்ச்.
‘எங்கப்பாவுக்கு இழுக்குது பிரதர். சாமியாரக் கூப்பிடுங்க.’

ஒரு சிலுவை எடுத்துக்கொண்டேன். தீர்த்தம் கொஞ்சம்.
எண்ணெய்ச் சிமிழைத் தொட்டுவிட்டு
இருந்த இடத்திலேயே வைத்தேன்.

வியாகுலம் என்று பெயர். மிளகு பறிப்பவர்.
கண்ணைத் திறந்து ‘சாமி’ என்றார்.
நான் சாமி இல்லை, என்றேன்.
மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை, என்றேன்.
நான் சாமி இல்லைங்க, என்றேன் மறுபடி.
சேவல் எதுவும் கூவவில்லை. தகரத்தில் மழைதான்.
அவர் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அதில் ஓர் ஏணி வருகிறது, ஒரு
(இந்த வரியை அடித்துவிடுகிறேன்.)

சொல்லி முடித்து என் முகத்தைப் பார்த்தார்.
என் வலது கை எழும்பியது, ஆண்டகையே.
நானாக எழுப்பவில்லை.
பாதி உயரத்தில் அதை நிறுத்தியது மட்டும் நான்.

பிறகு அவர் விரல்களையே பிடித்து
அவர் நெற்றியில் வரைய வைத்தேன்.
மனத்துயர் செபத்தில் பாதி வரை கூடவே வந்தார்.
மீதியை நான் தனியாகச் சொன்னேன்.

தந்தை ஐந்து மணிக்கு வந்தார்,
ஆறு வளைவு நடந்தே ஏறி.
உடல் குளிர்ந்திருந்தது.
என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை.
செருப்பைக் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார்.
வெளியே சரிவு முழுக்கக் காப்பி பூத்து
வெட்கமில்லாமல் மணத்தது.

சட்டப்படி நான் கேட்டது ஒப்புரவு அல்ல,
அதற்கு முத்திரையும் இல்லை.
படித்திருக்கிறேன், தேர்வில் நல்ல மதிப்பெண்.
ஆனாலும் மேசையில் மிளகு ரசம் வந்தால்
டம்ளரைத் தள்ளிவைத்துவிடுகிறேன்.

கடவுள் இருக்கிறாரா என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.
அந்த அறையில் எல்லாரும் இருந்தோம்.
ஒரு கை மட்டும் குறைந்தது.

ஆகவே கேட்கிறேன்.
மாதிரித் தாளில் உள்ள மற்றதெல்லாம்
உண்மையென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
செ. இஞ்ஞாசி.

பி.கு.: நடுவில் அடித்திருக்கும் வரியைத்
தயவுசெய்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம்.