இசைக்கவை

ஒரு செருப்பு குறைவதை
வாசலில் அமுதவல்லிதான் பார்த்தாள்.
ஊத்தான் மெலிந்தாங் பஸ் நிறுத்தத்திலிருந்து
வலது காலை வெறுங்காலாகவே
நடத்தி வந்திருக்கிறேன்.
மத்தியான வெயிலில் தார்ச்சடக்கு.
கொப்புளம் இருந்தது. சூடு தெரியவில்லை.

மருந்து ஏற்றியது பன்னிரண்டு முறை, ஈப்போவில்.
குடலில் இருந்தது போய்விட்டது என்றார்கள்.
போகிற போக்கில்
விரல்நுனிகளையும் பாதங்களையும்
கூட்டிக்கொண்டு போனதை
நான்தான் பிறகு கண்டுபிடித்தேன்.

முதல் ஊசிக்கு மறுநாள்
ஐஸ்பெட்டியில் மீன் எடுக்கக் கை விட்டேன்:
கரண்டுக் கம்பி.
மீன் தரையில். பூனைக்கு நல்ல நாள்.
"குளுந்தத தொடாதீங்க அங்கிள்" என்றாள் மிஸ்ஸி.
இந்த ஊரில் குளிர்ந்தது என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.
கதவுப்பிடி. சில்லறை. விடியற்காலைக் குழாய்த் தண்ணீர்.

இப்போது அதுவும் இல்லை, பஞ்சுதான்.
பொத்தானைக் கண்ணால் போடுகிறேன்.
சட்டைப்பைக்குள் கண் போகாது,
சாவிக்காக எல்லாவற்றையும் மேசையில் கொட்டுகிறேன்.
இரவானால்
பஞ்சுக்குள் யாரோ ஊசி தேடுகிறார்கள்.

இருபத்தாறு வருஷம் செம்பனைக் குலை ஏற்றிய லோரி.
ஆற்றங்கரைச் சேற்றில், அடைமழையில்
பிரேக் எவ்வளவு என்று நான் கேட்டதில்லை,
கால் அதுவாகச் சொல்லும்.
போன மாதம் ஆலை வாசலில்
எந்த மிதியில் கால் என்று குனிந்து பார்த்தேன்.
நிமிர்ந்தபோது
எடைமேடைக் கிராணி இளவழகனின் மோட்டார் சைக்கிள்
பம்பருக்கு ஒரு சாண் தூரத்தில்.
வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன்.
அன்று திட்டவில்லை.

லைசனுக்கு டாக்டரம்மா கையெழுத்து வேண்டும்.
இன்று காலை
இசைக்கவையைத் தட்டிப் பெருவிரலில் வைத்தார்.
"அதிர்வு நின்னதும் சொல்லுங்க."
விரல் ஒன்றும் சொல்லவில்லை.
காது சொன்னது, ம்ம்ம் என்று
தேய்ந்து, தேய்ந்து.
"நின்னுடுச்சு" என்றேன். சரி.
இடது காலுக்கும் சரி.
மறுபடி ஒரு தடவை என்றார்.
அந்நேரம் பார்த்து
ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமியது.
காதுக்கும் எட்டவில்லை.
குத்துமதிப்பாக எட்டு எண்ணி
"இப்பதான் நின்னது" என்றேன்.

கவையைத் தூக்கிக் காட்டினார்.
தட்டவே இல்லை.

கோபப்படவில்லை. பேனாவை மூடினார்.
"என்ன லோரி?" என்று கேட்டார்.
பச்சை ஹீனோ, மூன்றாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்,
ஏனோ அதையெல்லாம் சொன்னேன்.

அமுதவல்லி என் காலை மடியில் வைத்து
கொப்புளத்துக்குக் களிம்பு தடவுகிறாள்.
டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.
"வலிக்குதா?"

அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்து
அது பட்ட இடத்தில்
"மெதுவா" என்கிறேன்.