எண்ணூறு மீட்டர்

மட்டக்குளியில், மூடிக் கிடந்த தும்பு ஸ்டோருக்குப் பின்னால்
டயர் இல்லாமல் நின்றது.
உள்ளே பூனை குட்டி போட்டிருந்தது.
அறுபதாம் ஆண்டுக் கரவன் என்றார் தரகர் லாஹிர்.
அறுபத்துமூன்று என்றது அடிச்சட்டத்தில் அறைந்திருந்த தகடு.
மூன்று வருடத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்தேன்.

"கொழும்பில் இதை எங்கே நிறுத்துவாய்?"
அக்கா கேட்டாள்.
தெமட்டகொடையில், அக்காவின் முற்றத்தில் நிறுத்தினேன்.

கழற்றும்போது
கடைசியாகப் பூட்டியவன்தான் முதலில் வருவான்.
ஊதாப் பூப்போட்ட லினோலியம்,
அதன் கீழ் பச்சை லினோலியம்,
அதன் கீழ் யாரோ அவசரத்தில் ஒட்டிய மெழுகுத்துணி,
அதன் கீழ் பலகை என்று நினைத்ததில்
விரல் இறங்கியது, தேநீரில் நனைத்த பாண் போல.
சட்டங்கள் முப்பத்தொன்றில் நாலுதான் மரம்.
மற்றவை மரத்தின் வடிவில் நின்ற ஈரம்.

ஒரு கதவுப் பிடிக்காகப் பஞ்சிகாவத்தையில் மூன்று சனிக்கிழமை.
"எந்த வாகனத்துக்கு மிஸ்?"
சொன்னேன்.
கடைக்காரன் உள்ளே போய் இன்னொருவனைக் கூட்டிவந்தான்,
தனியாகச் சிரிக்க முடியாமல்.
கடைசியில் பொருந்தியது ஒரு பழைய ஃபிரிஜ்ஜின் பிடி.
இன்றைக்கும் கதவைத் திறக்கையில்
பட்டர் எடுக்கப் போவதுபோல்தான் கை நீள்கிறது.

ரிவெட் அடிக்க கித்சிறி வந்தான்,
ரத்மலானையில் விமானத்துக்கு அடித்த கை.
நான் பொய்ப்பல் கட்டுகிறவள் என்றதும்
அப்படியென்றால் உங்களுக்கு விளங்கும் என்றான்,
இடைவெளி தெரிந்தால் காசில்லை.

ஒழுக்குப் பார்த்த நாள்
வெளியே நான் குழாயோடு, உள்ளே அக்கா சோக்கட்டியோடு.
"இங்கே!"
"இங்கேயும்!"
பிறகு சத்தமே இல்லை.
எட்டிப் பார்த்தேன்.
கட்டிலின் வெறும் சட்டத்தில் படுத்திருந்தாள்.
"இன்னும் கொஞ்சம் அடி" என்றாள்,
"மழைக்குள்ளே நனையாமல் கிடக்க நல்லாயிருக்கு."

எல்லாம் நுவரெலியாவுக்கென்றுதான்.
கினிகத்தேனைக்குப் பிறகு எத்தனை வளைவு என்றுகூட
எண்ணி வைத்திருந்தேன்.
பெயின்ற் காய்ந்த கிழமை
நாட்டில் டீசல் முடிந்தது.

பேஸ்லைன் வீதி ஷெட்டில் தொடங்கிய வரிசை
வளைந்து வளைந்து எங்கள் ஒழுங்கை வாசலுக்கே வந்தது.
பிக்கப்பை அதன் வாலில் விட்டேன்.
கொழுவியிருந்த கரவனைக் கழற்ற மனம் வரவில்லை.

முதல் இரவு பெடியன்கள் படம் எடுத்தார்கள்.
இரண்டாம் இரவு மழை.
யாரோ தட்டினார்கள்:
ஓட்டோக்கார நௌசரின் மனைவி, நெஞ்சோடு ஒரு குழந்தை.
அவளுக்குப் பின்னால் புத்தளத்து உப்பு லொறிக்காரர்,
அவருக்குப் பின்னால் போன் சார்ஜ் தேடி ஒரு கம்பஸ் பெடியன்.
நாலு பேருக்கென்று நான் அறுத்த இருக்கையில்
ஒன்பது பேர்.
மண்ணெண்ணெய் அடுப்பில் அக்கா பிளேன்ரீ வைத்தாள்,
சீனி லொறிக்காரரின் டாஷ்போர்டில் இருந்து வந்தது.
கதவுக்கு மேலே ஒரு சொட்டு விழுந்தது.
நாங்கள் தவறவிட்ட ஒன்று.
உப்புக்காரர் எழுந்து, என் புதுப் பெயின்றில்,
காதில் செருகியிருந்த பேனையால் வட்டம் போட்டார்.

வரிசை அசைந்தபோது எவரும் எஞ்சின் போடவில்லை,
இருந்த துளியும் செலவாகிவிடும்.
தள்ளினோம்.
முன்னால் இருந்ததைப் பின்னால் இருந்தவர்கள்,
எங்களை எட்டுப் பேர்,
உள்ளே குழந்தை தூங்கத் தூங்க.
அறுபத்துமூன்றில் செய்த சில்லுகள்
மனிதக் கையால்தான் முதலில் உருண்டன.

நாலாம் நாள் பம்ப்காரன் பத்து லீற்றர் ஊற்றினான்.
கொப்பியில் எழுதினேன்:
தூரம், எண்ணூறு மீட்டர். இரவு, நாலு. ஒழுக்கு, ஒன்று.

அடுத்த வருடம் நுவரெலியாவும் போனோம்.
குளிராக இருந்தது.
ஏரி இருந்தது.
இரவில் அக்கா போர்வைக்குள்ளிருந்து
கதவுக்கு மேலிருந்த நீல வட்டத்தையே பார்த்தாள்.
"ஆராவது வந்து தட்டினாலென்ன" என்றாள்.