பதிப்பு 4.2.1

மூன்றே வரித் திருத்தம்.
எழுதப் பதினொரு நாள் ஆயிற்று.

கொம்தார் மூன்றாம் மாடி, படிக்கட்டை ஒட்டிய கடை.
ஏர்கான் சொட்டும் இடத்தில் பெயிண்ட் வாளி.
அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதினேன்
பென்டிரைவில் அடங்கும் இந்தச் சின்ன மென்பொருளை.
வைரஸ் துடைக்கும்; கெட்ட டிரைவரைப் பிடுங்கும்;
எழ மறுக்கும் விண்டோஸை உலுக்கி எழுப்பும்.
முதலில் எனக்காக மட்டும்.
எதிர்க்கடை செங் ஹுவாட் ஒரு பிரதி கேட்டான்,
அவனிடமிருந்து சுங்கை பட்டாணி ரோஸ்லான்,
பிறகு தைப்பிங், ஈப்போ,
முகம் தெரியாத முப்பது நாற்பது பேர்.

இரவானால் குரல்பதிவுகள் வரும்:
"அரசி, பிரிண்டர் வரிசை சிக்கிக்குது, ஒரு பட்டன் போடேன்."
"காக், நேத்து அப்டேட்டுக்கு அப்புறம் வைஃபையே காணோம் லா."
விண்டோஸ்காரன் மாதாமாதம் எதையாவது இடம் மாற்றுவான்.
சொல்லாமல் வீடு மாறிய கடனாளியைத் தேடும்
வட்டிக்காரி மாதிரி நான் பின்னாலேயே போவேன்.

4.2இல் எனக்குக் கொஞ்சம் கர்வம்.
ஒரே பட்டன்: எல்லாம் சுத்தம்.
'டெம்ப்' என்று பெயருள்ள கோப்புறை
எங்கே கிடந்தாலும் காலி செய் என்று எழுதினேன்.
தற்காலிகம் என்பதற்கு ஆங்கிலத்தின் முதல் நாலெழுத்து.
வேறு யார் வைப்பார்கள் அந்தப் பெயரை?

பிறையில் அந்தோணிராஜ் அதை அழுத்தினான்.
கோயில் பொருளாளர் வீரபத்திரனின் லேப்டாப்.
டெம்பிள் என்று முழுதாய் அடிக்கச் சோம்பி
பாதியிலேயே நிறுத்தியிருந்தார் மனிதர்.
ஆறு வருடக் கணக்கு:
பால்குடம் எத்தனை, அன்னதான அரிசி எவர் வீட்டது,
கூரைத் தகரத்துக்கு யார் எத்தனை வெள்ளி,
தருகிறேன் என்று சபையில் சொல்லித் தராதவர்கள் யார் யார்.
ஒன்பது வினாடி.
'சுத்தம் முடிந்தது' என்றது திரை,
நான் தேர்ந்தெடுத்த பச்சை நிறத்தில்.

போனில் அந்தோணியின் மூச்சு மட்டும் கேட்டது.
விஷயம் புரிந்ததும் முதலில் சிரித்துவிட்டேன்.
சொல்ல வெட்கம்தான்; சிரித்தேன்.

கடைசி ஃபெரியில் போனேன்.
"நீதான் எழுதினதா?"
"நான்தான்."
மைலோ கலக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.
"நிலம் ரயில்வேயோடது.
வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக உரிமம்.
அந்தக் கடுதாசியும் அதுக்குள்ளதான் இருந்துச்சு.
ஒரு வகையில பாத்தா
உன் மெஷின் தப்பாப் படிக்கல."
திட்டியிருந்தால் தேவலாம்.

இரண்டு ராத்திரி வட்டை அங்குலம் அங்குலமாய்ச் சுரண்டினேன்.
பெயர் போய் எண்ணோடு திரும்பின கோப்புகள்.
கணக்கில் முக்கால்வாசி வந்தது.
உரிமம் வந்தது, முத்திரை மட்டும் இல்லாமல்.
ஒரு படத்தில் தேரின் மேல்பாதி இருந்தது;
சக்கரமிருக்க வேண்டிய இடம் வெறும் சாம்பல் நிறம்.

திருத்தத்தில்
பெயரை நம்பாதே என்றது முதல் வரி.
கடைசியாய் எப்போது தொட்டார்கள் பார், இரண்டாவது.
மூன்றாவது, கேள்.
அந்தக் கேள்விக்குத்தான் அத்தனை நாளும்.
'நிச்சயமா?' என்றால் எவனும் படிக்காமலே ஆம் என்பான்.
நானும் அப்படித்தான்.
அதனால் இப்போது கேட்பதற்கு முன்னால்
அழியப்போகிற மூன்று கோப்புகளின் பெயரைக் காட்டுகிறது.
என்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது.
அழிக்க வேண்டுமென்றால் மௌஸை நகர்த்திப் போகவேண்டும்.

வீரபத்திரன் பெயரை மாற்றவில்லை.
"நாலெழுத்து போதும்" என்கிறார்.
போன மாதமும் அங்கே வந்து நின்று,
பால்குடப் பட்டியலைக் காட்டிக் கேட்டதாம்.

எல்லோருக்கும் புதியதை அனுப்பிவிட்டேன்,
எண் தெரிந்த எல்லோருக்கும்.
தைப்பிங்கில் யாரோ ஒருவனுடைய
மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்தில்
4.2 இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.